இன்டர்வியூ எடுக்கப் போகிறீர்களா? நடந்ததைக் கேளுங்கள்

"நாளைக்கு மூணு பேர் இன்டர்வியூவுக்கு வர்றாங்க, நீங்களும் கூட உக்காருங்க" என்று மேனேஜர் சாயங்காலம் ஆறு மணிக்குச் சொல்லிவிட்டுப் போவார். கேள்வி கேட்கிற நாற்காலிக்கு முதன்முதலில் பெரும்பாலானவர்கள் வருவது இப்படித்தான். என்ன கேட்பது என்று யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை. அதனால் பல வருடங்களுக்கு முன் நம்மிடம் யாரோ கேட்ட கேள்விகளை நாமும் கேட்டு வைக்கிறோம். உங்களைப் பற்றிச் சொல்லுங்க, உங்க பலம் என்ன, பலவீனம் என்ன, அஞ்சு வருஷம் கழிச்சு எங்க இருப்பீங்க.

திருப்பூரில் பனியன் ஏற்றுமதி நிறுவனங்களுக்கு ஆள் எடுத்துக் கொடுப்பது என் வேலை. பதினைந்து வருடமாக இதைத்தான் செய்கிறேன். எனக்குத் தெரிந்த வேலையை வைத்துச் சொன்னால்தான் என்னால் சரியாகச் சொல்ல முடியும் என்பதால் மெர்ச்சண்டைசர் வேலையை உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். இந்த வேலையைப் பற்றித் தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக: வெளிநாட்டு பையரிடமிருந்து ஆர்டர் வந்த நாள் முதல் பெட்டி கிளம்புகிற நாள் வரைக்கும் நூல், நிட்டிங், சாயம், பிரிண்டிங், கட்டிங், தையல், செக்கிங், பேக்கிங் என்று அத்தனை பேரையும் துரத்திப் பிடித்து வேலை வாங்கி, இடையில் பையர் அனுப்புகிற ஒவ்வொரு மெயிலுக்கும் பதில் சொல்லிக்கொண்டு இருப்பவர். உங்கள் நிறுவனம் மருந்துக் கடையாக இருக்கலாம், சாஃப்ட்வேர் கம்பெனியாக இருக்கலாம், சொல்லப்போகும் விஷயம் மாறாது.

முதலில் அந்தப் பலம், பலவீனக் கேள்வியை எடுத்துக்கொள்வோம். "என் பலவீனம் என்னன்னா, எடுத்த வேலையை முடிக்காம எனக்குத் தூக்கம் வராது சார்." இதே பதிலை நான் நூறு பேரிடமாவது கேட்டிருப்பேன். அவர்கள் மேல் தப்பில்லை. அந்தக் கேள்விக்கு உண்மையைச் சொன்னால் வேலை கிடைக்காது என்று அவர்களுக்குத் தெரியும், அதனால் யூடியூபில் பார்த்துத் தயார் செய்துகொண்டு வருகிறார்கள். நமக்கு அதிலிருந்து தெரிவதெல்லாம் அவர் தயார் செய்து வந்தாரா இல்லையா என்பது மட்டும்தான். வேலைக்கு வந்த பிறகு என்ன செய்வார் என்று தெரியவே தெரியாது.

இன்டர்வியூ கேள்விகளை நான் மூன்று வகையாகப் பார்க்கிறேன். "நீங்கள் எப்படிப்பட்டவர்?" என்பது ஒன்று. "இப்படி ஒரு நிலைமை வந்தால் என்ன செய்வீர்கள்?" என்பது இன்னொன்று. "இப்படி ஒரு நிலைமை வந்தபோது என்ன செய்தீர்கள்?" என்பது மூன்றாவது. முதல் வகைக்கு எல்லோரும் நல்லவராகத்தான் பதில் சொல்வார்கள். இரண்டாவது பரவாயில்லை, அனுபவமே இல்லாதவர்களுக்குப் பயன்படும், ஆனால் புத்திசாலியாக இருப்பவர் நாம் எதிர்பார்க்கிற பதிலை ஊகித்துவிடுவார். மூன்றாவதில்தான் விஷயம் இருக்கிறது, ஏனென்றால் நடந்ததைச் சொல்லும்போது தேதி வரும், ஆட்கள் வருவார்கள், துணியின் கலர் வரும், யார் கோபப்பட்டார்கள் என்பது வரும். நடக்காததை அந்த அளவுக்கு அடுக்கிக்கொண்டே போவது கஷ்டம்.

"டைம் மேனேஜ்மெண்ட்ல எப்படி?" என்று கேட்பதற்குப் பதிலாக இப்படிக் கேட்டுப் பாருங்கள். (லேப் டிப் என்றால் மொத்தமாகச் சாயம் போடுவதற்கு முன் பையரின் ஒப்புதலுக்காகச் சாயம் போட்டுக் காட்டும் சின்ன மாதிரித் துணி. ரீடை என்றால் மறுபடி சாயம் போடுவது. லைட் பாக்ஸ் என்றால் ஒரே மாதிரி வெளிச்சத்தில் கலரை ஒப்பிட்டுப் பார்க்கும் பெட்டி.)

"போன ஒரு வருஷத்துல உங்க கையில இருந்த ஆர்டர்ல எதாவது ஒண்ணு சிக்கலாச்சுங்களா?"

"ஆமாங்க, ஒரு கிட்ஸ் ஆர்டர்ங்க. லேப் டிப் எல்லாம் அப்ரூவ் ஆயிருச்சு, ஆனா பல்க்கா சாயம் போட்டு வந்த துணியில ஷேடு வேறயா இருந்துச்சு."

"சரி, அப்புறம்?"

"டையிங்ல பேசினோம்ங்க. ரீடை பண்ணிக் குடுத்தாங்க."

"யார் பேசுனது, நீங்களா?"

"நான்தாங்க. முதல்ல போன்ல பேசினேன், அவங்க ஒத்துக்கவே இல்ல. அப்புறம் துணியையும் அப்ரூவ் ஆன லேப் டிப்பையும் எடுத்துட்டு நேர்லயே போயி, லைட் பாக்ஸ்ல வெச்சுக் காட்டினேன்."

"பையருக்கு எப்பச் சொன்னீங்க?"

"அன்னிக்கே சொல்லலீங்க. ரீடைக்கு மூணு நாள் ஆகும்னு உறுதியான பிறகுதான் மெயில் போட்டேன். அதுக்குள்ள சரியா இருந்த ரெண்டு கலரைக் கட்டிங்குக்கு விட்டுட்டேன், லைன் சும்மா நிக்கக் கூடாதுன்னு."

ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது. அதற்குள் இவர் பிரச்சினை வந்தால் போனோடு நிற்காமல் நேரில் போகிறவர், வாய்ப்பேச்சில் மல்லுக்கு நிற்காமல் சாட்சியைக் கையில் எடுத்துக்கொண்டு போகிறவர், மிச்ச வேலை நிற்காமல் பார்த்துக்கொள்கிறவர், பையரிடம் தகவல் சொல்வதற்கு முன் விடையோடு போக நினைக்கிறவர் என்று இத்தனை தெரிந்துவிட்டது. கடைசி விஷயம் சில நிறுவனங்களுக்குப் பிடிக்கும், சில நிறுவனங்கள் அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும் என்று நினைப்பார்கள். அதையும் இங்கேயே பேசிவிடலாம்.

அந்த உரையாடலில் நான் கேட்ட கேள்விகளிலேயே பெரிய வேலை செய்தது "சரி, அப்புறம்?" என்பதுதான். தயார் செய்து வந்த பதில் இரண்டு வாக்கியத்தில் முடிந்துவிடும். அதன் பிறகு அமைதியாக இருந்து "அப்புறம்?" என்று கேட்டால் உண்மையில் செய்தவர் தொடர்ந்து பேசுவார், செய்யாதவர் பொதுவான பேச்சுக்குத் திரும்பிவிடுவார், "அந்த மாதிரி டைம்ல நாம பொறுமையா ஹேண்டில் பண்ணணும் சார்" என்பது போல. "பண்ணணும்" என்ற வார்த்தை வந்தாலே நான் நிறுத்தி, "அன்னிக்கு நீங்க என்ன பண்ணீங்க?" என்று மறுபடி அங்கேயே கொண்டுவந்து விடுவேன். புதிதாகக் கேள்வி கேட்க உட்காருகிறவர்கள் பட்டியலில் இருக்கும் பன்னிரண்டு கேள்விகளையும் முடித்துவிட வேண்டும் என்று ஓடுவார்கள். மூன்று நிகழ்ச்சிகளை அடிவரைக்கும் தோண்டினால் போதும்.

இங்கே நம் ஊர்ப் பேச்சு சம்பந்தமான ஒன்றைச் சொல்ல வேண்டும். "பேசினோம்", "முடிச்சுக் குடுத்தோம்" என்றுதான் நம் பிள்ளைகள் சொல்வார்கள். "நான் செஞ்சேன், நான் முடிச்சேன்" என்று சொல்வது தற்பெருமை என்று சொல்லியே வளர்த்திருக்கிறோம். அதனால் "நாங்க" என்று ஒருவர் சொன்னவுடன் இவர் ஒன்றும் செய்யவில்லை போல என்று முடிவு கட்டிவிடாதீர்கள். "அதுல உங்க கையால செஞ்சது எது?" என்று ஒரு தடவை கேட்டுவிட்டால் போதும், அடக்கத்தால் "நாங்க" சொன்னவரும் மற்றவர் வேலைக்குள் ஒளிந்துகொண்டவரும் தனித்தனியாகத் தெரிந்துவிடுவார்கள்.

எனக்கு இதெல்லாம் ஆரம்பத்திலேயே தெரிந்திருக்கவில்லை. இந்த வேலைக்கு வந்த மூன்றாவது வருடம், ஒரு நிறுவனத்துக்காக ஒரே நாளில் இரண்டு பேரைப் பார்த்தேன். ஒருவர் நல்ல ஆங்கிலம், நல்ல உடை, நாற்பது நிமிடம் பேசினோம், பேசி முடித்தபோது எனக்கே உற்சாகமாக இருந்தது. இன்னொருவர் அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்து, வீட்டிலிருந்து முதல் ஆளாகக் கல்லூரிக்குப் போன பெண், ஒவ்வொரு ஆங்கிலக் கேள்விக்கும் தடுமாறினார், பத்து நிமிடத்தில் அனுப்பிவிட்டேன். அந்த ஆங்கிலக்காரர் வேலைக்குச் சேர்ந்த நான்காவது மாதம் ஒரு ஆர்டர் தாமதமாவதைக் கடைசி வாரம் வரைக்கும் யாரிடமும் சொல்லாமல் மறைத்தார். கப்பலில் போக வேண்டிய சரக்கு விமானத்தில் போனது, அந்தச் செலவு நிறுவனத்தின் தலையில் விழுந்தது. அன்றைய நாற்பது நிமிடத்தை நினைத்துப் பார்த்தால் நான் அவரிடம் ஒரே ஒரு ஆர்டரைப் பற்றிக்கூட முழுதாகக் கேட்டிருக்கவில்லை. அந்தப் பெண் வேறொரு நிறுவனத்தில் சேர்ந்து இரண்டே வருடத்தில் ஒரு பெரிய பையரைத் தனியாகப் பார்த்துக்கொள்கிறார் என்று பிறகு கேள்விப்பட்டேன். அது இன்னும் உறுத்துகிறது.

அதற்குப் பிறகு செய்த வேலையைப் பற்றிய கேள்வியையும் ஆங்கிலத்தையும் பிரித்துவிட்டேன். என்ன செய்தீர்கள் என்பதைத் தமிழிலேயே கேட்பேன், அவரவர் பேசுகிற தமிழில். வேலைக்கு ஆங்கிலம் தேவைதான், ஆனால் அது பெரும்பாலும் மெயில் எழுதுகிற ஆங்கிலம். அதனால் ஒரு கம்ப்யூட்டர் முன் உட்காரவைத்து, "ஷிப்மெண்ட் அஞ்சு நாள் தள்ளிப்போகுது, பையருக்கு ஒரு மெயில் எழுதுங்க" என்று கொடுத்துவிடுவேன். இருபது நிமிடம் போதும். இலக்கணப் பிழையைவிட நான் பார்ப்பது வேறு: புதிய தேதி இருக்கிறதா, காரணம் இருக்கிறதா, எந்தக் கலர், எந்த அளவு, எத்தனை பீஸ் என்று சொல்லியிருக்கிறாரா, இல்லை மன்னிப்பு மட்டும் நான்கு வரியில் இருக்கிறதா.

இன்னொரு சின்னக் கணக்கும் கொடுப்பேன். 5,000 டி-ஷர்ட், ஒன்றுக்கு 180 கிராம் துணி, சாயம் முதல் காம்பாக்டிங் (துணி பிறகு சுருங்காமல் இருக்கச் செய்யும் கடைசி வேலை) வரைக்கும் 8 சதவீதம் எடை குறையும், எத்தனை கிலோ துணி நிட்டிங் போட வேண்டும்? 900 கிலோவோடு 8 சதவீதத்தைக் கூட்டி 972 என்று பலர் சொல்வார்கள். குறைந்த பிறகு 900 மிஞ்ச வேண்டும் என்பதால் 900ஐ 0.92ஆல் வகுக்க வேண்டும், சுமார் 978 கிலோ வரும். ஆனால் எனக்கு விடையைவிட முக்கியம், "கட்டிங்ல எக்ஸ்ட்ரா எத்தனை பர்சன்ட் போடறீங்க? சைஸ் ரேஷியோ என்ன?" என்று அவர் திருப்பிக் கேட்கிறாரா என்பது. கேட்டவர் இந்த வேலையைச் செய்தவர்.

கல்லூரி கேம்பஸ் இன்டர்வியூவில் கேட்கிற மாதிரியான புதிர்களை, ஒரு பஸ்ஸுக்குள் எத்தனை பந்து அடங்கும் என்பது போன்றவற்றை, இங்கேயும் சிலர் கேட்கிறார்கள். கூகுள் நிறுவனத்தில் ஆளெடுப்புக்குத் தலைமை வகித்த லாஸ்லோ பாக் 2013இல் ஒரு பேட்டியில், அந்தப் புதிர்கள் முழுக்க நேர விரயம், கேட்கிறவருக்குத் தான் புத்திசாலி என்ற நினைப்பைத் தருவதைத் தவிர அவற்றால் ஒன்றும் தெரியவில்லை என்று சொல்லிவிட்டார். அவர்களே விட்டுவிட்டார்கள், நாமும் விட்டுவிடலாம்.

சரி, கேள்வி நல்லதாக இருந்தால் மட்டும் போதுமா என்றால் போதாது. மூன்று பேரிடமும் அதே கேள்விகளை, அதே வரிசையில் கேட்க வேண்டும். ஒருவரிடம் கிரிக்கெட் பேசிவிட்டு இன்னொருவரிடம் டையிங் பற்றிக் குடைந்தால் எதை வைத்து ஒப்பிடுவீர்கள்? இப்படி முன்கூட்டியே கேள்விகளை முடிவு செய்து, எல்லோரிடமும் அதையே கேட்டு, பதிலுக்கு மார்க் போடுவதைத்தான் கட்டமைக்கப்பட்ட இன்டர்வியூ என்கிறார்கள். பால் சாக்கெட்டும் அவருடன் சேர்ந்த ஆய்வாளர்களும் பல பத்தாண்டு ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்து 2022இல் வெளியிட்ட கணக்கில், இன்டர்வியூவில் எடுத்த மார்க்குக்கும் பிறகு அவர் வேலை செய்த தரத்துக்கும் உள்ள பொருத்தம் இந்த முறையில் 0.42 என்று வந்தது. 0 என்றால் சம்பந்தமே இல்லை, 1 என்றால் அச்சு அசலாகப் பொருந்துகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தந்த நேரத்துக்குத் தோன்றியதைக் கேட்கிற சாதாரண இன்டர்வியூவுக்கு வந்தது 0.19. எத்தனை வருட அனுபவம் என்ற எண்ணிக்கை மட்டும் அதையும்விடக் கீழே. எந்த முறையும் 1ஐ நெருங்கவில்லை என்பதையும் கவனியுங்கள். நன்றாகக் கேட்டாலும் சில சமயம் தவறும், ஆனால் குறைவாகத் தவறும்.

மார்க் போடுவதற்குப் பெரிய படிவமெல்லாம் வேண்டாம். ஒவ்வொரு கேள்விக்கும் எது 1, எது 3, எது 5 என்று முன்னாலேயே ஒரு வரி எழுதிவைத்தால் போதும். அந்த ஷேடு கேள்விக்கு "டையிங்காரர் மேல் பழி சொல்லி நிறுத்திவிட்டார்" என்றால் 1, "சரிசெய்தார்" என்றால் 3, "சரிசெய்ததோடு மற்ற வேலை நிற்காமல் பார்த்து, பையருக்கும் தகவல் கொடுத்தார்" என்றால் 5. இரண்டு பேர் சேர்ந்து இன்டர்வியூ எடுத்தால், வந்தவர் கதவைச் சாத்திக்கொண்டு போனவுடன், ஒருவரோடு ஒருவர் பேசுவதற்கு முன் தனித்தனியாக மார்க்கை எழுதிவிடுங்கள். முதலாளி முதலில் வாயைத் திறந்து "பையன் நல்லா இருக்கான்" என்று சொல்லிவிட்டால் அதற்குப் பிறகு வேறு கருத்து வராது.

கல்லூரி முடித்து நேராக வருகிறவர்களிடம் ஆர்டர் கதை இருக்காது. அதற்காக "ஏன் இந்த ஃபீல்டுக்கு வர ஆசைப்படறீங்க?" என்று கேட்டு மனப்பாடப் பதிலை வாங்க வேண்டியதில்லை. அவர்கள் வாழ்க்கையிலும் வேலை நடந்திருக்கிறது. லீவு நாளில் பனியன் கம்பெனியில் செக்கிங் போயிருப்பார், அப்பாவின் மளிகைக் கடையில் கடன் நோட்டு எழுதியிருப்பார், ஊர்த் திருவிழாவில் அன்னதானத்துக்கு அரிசி வசூல் செய்திருப்பார், கல்லூரி விழாவுக்குப் பந்தல்காரரிடம் பேரம் பேசியிருப்பார். "ஒரு வேலையை நீங்க பொறுப்பெடுத்துச் செஞ்சு, அது நீங்க நெனச்ச மாதிரி நடக்காம போனது எதாவது சொல்லுங்க" என்று கேளுங்கள், பிறகு அதே "அப்புறம்?" தான். கடன் வசூலித்துப் பழகிய பையன் சாயப்பட்டறையைத் துரத்துவான், எனக்குச் சந்தேகமே இல்லை.

கேட்கக்கூடாதவை பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் ஊரில் அவை ரொம்ப இயல்பாக, அன்பாகப் பேசுவது போலவே வரும். "எந்த ஊருங்க?" "அந்த ஊர்ல எந்தப் பக்கம்?" "அப்பா என்ன பண்றார்?" "குலதெய்வக் கோயில் எங்க?" இதெல்லாம் ஏன் கேட்கப்படுகிறது என்று கேட்பவருக்கும் தெரியும், எதிரே உட்கார்ந்திருப்பவருக்கும் தெரியும். கொங்குப் பக்கம் "எந்தக் கூட்டம்?" என்றே கேட்டுவிடுவார்கள். சாதியைத் தெரிந்துகொள்ளத்தான். "சும்மா பழக்கத்துக்குக் கேட்டேன்" என்று சொல்பவர்கள் உண்மையாகவே அப்படி நினைக்கலாம், ஆனால் பதில் காதில் விழுந்த பிறகு அது மார்க்கைத் தொடாமல் இருக்காது, பதில் சொன்னவரும் அதற்குப் பிறகு நிம்மதியாகப் பேச மாட்டார். தினமும் எப்படி வந்துபோவார் என்று தெரிய வேண்டுமானால் "காலைல எட்டரைக்கு வந்துர முடியுமா, பஸ் இருக்கா?" என்று நேராகக் கேட்கலாம். ஊரின் எந்தப் பக்கம் என்பது அதற்குத் தேவையில்லை.

பெண்களிடம் கேட்கப்படுவது இன்னும் பச்சையாக இருக்கும். "கல்யாணம் எப்போ?" "குழந்தை இருக்கா?" "வீட்ல நைட்டு லேட்டாப் போனா ஒத்துக்குவாங்களா?" ஆளெடுப்பில் பெண் என்பதற்காகப் பாகுபாடு காட்டக்கூடாது என்று 1976ஆம் ஆண்டின் சம ஊதியச் சட்டமே சொல்லிவிட்டது, 2019ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பும் அதைச் சொல்கிறது. 2017இல் பேறுகால விடுப்பு 26 வாரமானபோது, அதனாலேயே பெண்களை எடுக்கத் தயங்குகிறோம் என்று என்னிடமே சொன்னவர்கள் உண்டு. தாமதமாக இருக்க வேண்டிய வேலை என்றால், "மாசத்துல இத்தனை நாள் எட்டு மணி வரைக்கும் இருக்க வேண்டி வரும், வீட்டுக்குப் போக கம்பெனி வண்டி இருக்கு, உங்களுக்குச் சரிவருமா?" என்று ஆண், பெண் எல்லோரிடமும் ஒரே மாதிரி கேளுங்கள். ஆணிடம் கேட்காத கேள்வி எதுவும் பெண்ணிடம் வேண்டாம், அவ்வளவுதான்.

"முந்தின வேலையை ஏன் விட்டீங்க?" என்பதைக் கேட்கலாம், ஆனால் விசாரணை மாதிரி கேட்க வேண்டாம். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருட்கள் மேல் வரியை 50 சதவீதமாக ஏற்றியபோது திருப்பூரில் ஆர்டர் நின்ற இடங்களெல்லாம் உண்டு, அங்கிருந்து வெளியே வந்தவரிடம் "ஆறு மாசம் என்ன பண்ணீங்க?" என்று கடிந்து கேட்டு ஒன்றும் ஆகப்போவதில்லை. பழைய சம்பளத்தைத் தோண்டுவதும் அப்படித்தான். உங்கள் வேலைக்கு இவ்வளவு முதல் இவ்வளவு வரை தர முடியும் என்று நீங்களே முதலில் சொல்லிவிட்டால் பாதிப் பேச்சு மிச்சம்.

அவர்கள் கேள்வி கேட்கவும் பத்து நிமிடம் விடுங்கள், உண்மையான பதிலைச் சொல்லுங்கள். அமெரிக்க பையர் என்றால் ராத்திரி ஒன்பது மணிக்குப் போன் வரும் என்பதை மறைத்து ஆள் எடுத்தால் இரண்டாவது மாதம் திரும்பவும் இதே நாற்காலியில் உட்கார வேண்டியிருக்கும்.

நாளைக்கு இன்டர்வியூ என்றால் இன்றைக்கே செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. அந்த வேலையை இப்போது செய்துகொண்டிருப்பவரிடம் போய், "கடைசியா இந்த வேலையில உங்களுக்குத் தூக்கம் கெட்டது எப்போ?" என்று கேளுங்கள். மூன்று சம்பவம் சொல்வார். கணக்குப் பிரிவு என்றால் சப்ளையர் பில்லை ஏற்றாமல் விட்டதால் ஜிஎஸ்டியில் வரவு வராமல் போனது, ஸ்டோர் என்றால் கணக்கில் இருக்கிற நூல் ரேக்கில் இல்லாதது என்று அந்தந்த வேலைக்கு ஒரு தலைவலி இருக்கும். அதையே "இந்த மாதிரி உங்களுக்கு நடந்திருக்கா, அப்ப என்ன பண்ணீங்க?" என்று திருப்பிப் போட்டால் உங்கள் கேள்வித்தாள் தயார்.

எல்லாம் முடிந்து ஒருவரை எடுத்த பிறகு, மற்ற இரண்டு பேருக்கும் அந்த வாரத்துக்குள் போன் செய்து, இந்தத் தடவை இல்லை என்று சொல்லிவிடுங்கள். நான் பத்து நிமிடத்தில் அனுப்பிய அந்தப் பெண் தாராபுரத்திலிருந்து பஸ் ஏறி வந்திருந்தார், "சொல்லி அனுப்பறோம்" என்று சொன்னேன், போன் செய்யவே இல்லை. இப்போது செய்கிறேன். எந்தக் கேள்வியில் அவருக்குக் குறைந்தது என்பதையும் மார்க் தாளைப் பார்த்துச் சொல்கிறேன், இரண்டு நிமிடம்தான் ஆகிறது.